சக்தி குழுவின் மூன்றாவது இசைத்தட்டு

செங்கோட்டைக்காரர்கள் நாலு பேர் கூடிச் சங்கீதம் பேசினால் ஐந்தாவது நிமிஷம் கிட்டப்பா வந்துவிடுவார். 1906-ல் இங்கே பிறந்து, 1933-ல் இருபத்தேழே வயதில் போய்ச் சேர்ந்த மனிதர். இன்னும் நம்மை விட்டபாடில்லை. என் பெரியப்பா அவருடைய நாடகத்தை நேரில் பார்த்தவர். ஆனால் அவர் சிலாகித்துச் சொன்னதில் பாதி கிட்டப்பாவின் குரலைப் பற்றியது என்றால் மறுபாதி சகோதரர் காசி ஐயரின் ஆர்மோனியத்தைப் பற்றியது. "பெட்டியா அது, பேசும்டா" என்பார்.

அந்தப் பெட்டியைத்தான் வானொலி 1940-ல் தள்ளி வைத்தது. கட்டை கட்டையாகப் பிரித்து வைத்த ஸ்வரம், கமகம் வராது, வெள்ளைக்காரன் வாத்தியம் என்று காரணம் சொன்னார்கள். 1971 வரை அந்தத் தடை நீடித்தது. வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். அதை யாரும் தள்ளி வைக்கவில்லை. 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா தஞ்சாவூர் வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார் என்பது திருவனந்தபுரத்து வரலாறு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் அந்தப் பக்கத்துக் குடிமக்கள்தான் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு! வயலின் உள்ளே வந்தது, ஆர்மோனியம் வாசலில் நின்றது. கிதார் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தப் பீடிகை.

சொல்லப்போவது 1977-ல் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பற்றி. பெயர் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்'. பதிவானது ஸ்விட்சர்லாந்தில், ஜெனீவாவில். வாசித்தவர்கள் நான்கு பேர். கிதார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் நம் விக்கு விநாயக்ராம். குழுவின் பெயர் 'சக்தி'. இப்போது 'சக்தி' என்றால் கிராமி விருது என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் எழுபதுகளில் அவர்கள் போட்ட மூன்று தட்டுகளில் கடைசியான இதை அன்றும் பெரிதாக யாரும் கொண்டாடவில்லை, இன்றும் யாரும் முதலில் எடுப்பதில்லை. மூன்றிலும் எனக்கு இதுதான் ஒசத்தி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மெக்லாஃப்லின் யார் என்று பார்த்துவிடலாம். 1942-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். விக்கு பிறந்ததும் அதே வருஷம்தான். அறுபதுகளின் கடைசியில் மேற்கே 'சைக்கடெலிக் ராக்' என்ற அலை ஒன்று அடித்தது. மின்சாரக் கிதாரை அலறவிட்டு, எதிரொலி சேர்த்து, கேட்பவனை ஒரு மயக்க நிலைக்குக் கொண்டுபோகிற இசை. அதில் நம் நாட்டு வாத்தியமும் வந்து ஒட்டிக்கொண்டது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1965-லேயே சிதார் எடுத்தார். பிறகு ஆளாளுக்கு எடுத்தார்கள். ஹாரிசன் ரவிசங்கரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மற்றப் பலருக்குச் சிதார் என்பது இலையோரத்து ஊறுகாய்தான்.

மெக்லாஃப்லின் அந்த அலை ஓயும் சமயத்தில் நியூயார்க்குக்கு வந்து மைல்ஸ் டேவிஸ் என்ற பெரிய ஜாஸ் மேதையோடு வாசித்தார். 1971-ல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று சொந்தக் குழு. பெயரைப் பார்த்து ஏதோ பஜனை கோஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீ சின்மாய் என்ற வங்காளத்து குரு அவருக்கு வைத்த பெயர் மகாவிஷ்ணு. இசையோ காது கிழியும் மின்சார இசை. இரண்டு கழுத்து உள்ள கிதாரை மாட்டிக்கொண்டு அவர் வாசித்த வேகத்தில் ராக் ரசிகர்கள் சொக்கிப்போனார்கள். தட்டுகள் நன்றாக விற்றன.

அப்படிப்பட்டவர் எழுபதுகளின் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, மரக் கிதாரோடு சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது நம் எஸ். ராமநாதன் வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மெக்லாஃப்லின் அவரிடம் வீணை கற்றார். எல். சங்கரும் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்தான். சங்கரின் தகப்பனார் வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் வயலின் ஆசிரியராக இருந்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. ஒரு அண்ணன் எல். சுப்ரமணியம். இன்னொரு அண்ணன் எல். வைத்தியநாதன். நாமெல்லாம் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்தோமே, அதற்கு இசை அவர்தான்.

மெக்லாஃப்லினின் கிதாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆர்மோனியத்துக்குச் சொன்ன அதே குற்றச்சாட்டு கிதாருக்கும் பொருந்தும். மெட்டுகள் உலோகத்தில், மரத்தோடு ஒட்டி நிற்கும். விரல் மரத்தில் முட்டிவிடுவதால் தந்தியை வீணையில் இழுப்பது மாதிரி இழுத்து கமகம் காட்டுவது கஷ்டம். இவர் என்ன செய்தார் என்றால், கிப்சன் கம்பெனிக்காக ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞரைக் கொண்டு புதுக் கிதார் செய்யச் சொன்னார். அதில் மெட்டுகளுக்கு இடையில் உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கிவிட்டார்கள். விரல் மரத்தில் முட்டாது. தந்தியை அமுக்கலாம், இழுக்கலாம், அசைக்கலாம். அதுபோக ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள், சிதாரில் அனுதாபத் தந்தி இருப்பதுபோல. சுருதிக்குச் சுருதியும் ஆயிற்று, அவ்வப்போது ஒரு வருடல் வருடிக்கொள்ளவும் ஆயிற்று. இப்படி வாத்தியத்தையே நம் சங்கீதத்துக்காக இழைத்துச் செதுக்கியவரை ஊறுகாய்க் கணக்கில் சேர்க்க முடியுமா?

முதல் தட்டு 1976-ல் வந்தது. முந்தின வருஷம் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவு செய்தது. மொத்தம் மூன்றே உருப்படி. அதில் ஒன்று பதினெட்டு நிமிஷம், இன்னொன்று ஏறக்குறைய அரை மணி. அந்தக் கச்சேரியில் மிருதங்கமும் இருந்தது. வாசித்தவர் ராமநாதபுரம் வி. ராகவன், பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரர். அதே 1976-ல் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' என்று இரண்டாவது தட்டு, லண்டனில். இதில் மிருதங்கம் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

மிருதங்கம் இல்லை என்பது சின்ன விஷயம் அல்ல. நம் மேடையை நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். கடம் பின்வரிசையில். அதற்குப் பெயரே உபபக்கவாத்தியம், பக்கவாத்தியத்துக்கும் பக்கவாத்தியம். மிருதங்கக்காரர் கண் காட்டினால்தான் கடக்காரர் கை வைப்பார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்ததைத் திருப்பி வாசித்து, குறைத்துக்கொண்டே வந்து, கடைசிக் கோர்வையில் சேர்ந்துகொள்ள வேண்டும். அதற்குள் நம் ஜனம் காப்பி குடிக்க எழுந்துவிடும். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ராமநவமிக் கச்சேரியில் நான் கண்ணால் கண்டது இது: நேரமாகிவிட்டது என்று காரியதரிசி மேடையோரம் வந்து கையைக் காட்ட, கடக்காரருடைய முறை வரும்போது தனியை முடித்துவிட்டார்கள். அந்த மனிதர் தென்காசியிலிருந்து பஸ்ஸில் கடத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்தவர். ஒன்றும் சொல்லாமல் துண்டை மடித்துக் கடத்தின் வாயில் திணித்து, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

விக்கு விநாயக்ராமும் இந்தப் பின்வரிசையிலிருந்து வந்தவர்தான். தகப்பனார் டி.ஆர். ஹரிஹர சர்மா, 1958-ல் சென்னையில் ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயா தொடங்கியவர். 1966-ல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். அம்மா பாடினார்களே, அந்தக் கச்சேரியில் வி.வி. சுப்ரமணியம் வயலின், டி.கே. மூர்த்தி மிருதங்கம், கடம் விநாயக்ராம். உலகப் புகழ்பெற்ற மேடைதான், ஆனாலும் உபபக்கவாத்தியம். பத்து வருஷம் கழித்து 'சக்தி'யில் அவருக்கு முன்னால் மிருதங்கமும் இல்லை, கண் காட்டுவதற்கு ஆளும் இல்லை. நான்கு பேரும் ஒரே வரிசை. அவருக்குச் சரிக்குச் சரியாக உட்கார்ந்திருப்பது தபலா. அதுவோ வடக்கத்தி வாத்தியம், கணக்கு வேறு, சொல் வேறு. ஒன்றையொன்று பின்பற்றுகிற சம்பிரதாயமே கிடையாது. ஆகவே இரண்டும் பேசித்தான் தீர வேண்டும்.

அந்தப் பேச்சு முதல் இரண்டு தட்டிலும் இருக்கிறது. ஆனால் நீண்ட ஆலாபனை, நீண்ட போட்டி, மின்னல் வேகம் என்று எல்லாம் கலந்து வரும். மூன்றாவது தட்டில் எட்டு உருப்படி. நீளமானதே ஏழு நிமிஷத்துக்குப் பக்கம்தான். சின்னது ஒன்று, 'கம் ஆன் பேபி டான்ஸ் வித் மீ' என்று சினிமாப் பாட்டு மாதிரி பெயர், இரண்டே நிமிஷம். ராக் ரசிகனும் சரி, ஜாஸ் விமர்சகனும் சரி, இதைப் பார்த்து முகம் சுளித்ததற்கு இதுதான் காரணம். வியாபாரத்துக்காகச் சுருக்கிவிட்டார்கள், பழைய ஆவேசம் போய்விட்டது என்றார்கள். ஜாகிர் உசேன் தபலாவோடு நிற்காமல் டோலக், பாங்கோ, டிம்பாலே என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறார். விக்கு கடத்தோடு கஞ்சிராவும் மோர்சிங்கும் எடுக்கிறார். சங்கர் வயலினைவிடக் கனத்த குரல் உள்ள வயோலாவையும் வாசிக்கிறார். 'ஹேப்பினஸ் இஸ் பீயிங் டுகெதர்' என்ற உருப்படியில் கரீபியன் தீவுக் களியாட்டத்தின் சாயல் தெரியும். இதெல்லாம் கலப்படம் என்று தூய்மைவாதிகளுக்கும் பிடிக்கவில்லை.

இந்த இரண்டு கட்சிக்காரர்களையும் நானே நேரில் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் வங்கி வேலையாகப் பம்பாயில் இருந்தேன். அறையில் கூட இருந்த கோவாக்காரர் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் பரம பக்தர். அதே மெக்லாஃப்லின் என்று நம்பி இந்தத் தட்டை வாங்கி வந்தார். இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊர்ச் சரக்கு, நீயே வச்சுக்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டார். மாட்டுங்காவில் சண்முகானந்தா சபைக் கச்சேரி ஒன்றுகூட விடாத ஒரு மாமாவிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு நிமிஷம் கழித்து, "கடம் பேஷா இருக்கு. அந்தக் கம்பிக்காரனைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. வெளிநாட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. மகாவிஷ்ணு தட்டுகள் விற்ற அளவுக்குச் 'சக்தி' தட்டுகள் விற்கவில்லை. 1978-ல் குழு கலைந்துவிட்டது.

சுருக்கமாக இருப்பதால் ஆழம் குறைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கச்சேரியில் வர்ணமும் உண்டு, ராகம் தானம் பல்லவியும் உண்டு, கடைசியில் துக்கடாவும் உண்டு. துக்கடா பாடத் தெரியாதவர் முழு வித்துவான் இல்லை என்று என் பெரியப்பா சொல்வார். கிட்டப்பாவே நாலு நிமிஷத்தில் மேடையைக் கட்டிப்போட்டவர்தானே? நீளமாக வாசிக்கும்போது நாலு பேரும் முறைவைத்து ஆளுக்குக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போகலாம். நாலு நிமிஷத்தில் முறைவைக்க நேரம் கிடையாது. யார் எங்கே வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அந்தக் கட்டுமானம் மூன்றாவது தட்டில்தான் நன்றாக வந்திருக்கிறது. தாளவாத்தியம் பின்னணியாக இல்லாமல் உருப்படியின் சரிபாதியாக நிற்கிறது.

முதல் உருப்படி 'மைண்ட் எக்காலஜி'யைப் போட்டுவிட்டுக் கிதாரையும் வயலினையும் விட்டுவிடுங்கள். காதைக் கீழே இறக்கிக் கடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாந்தரம் கேட்கும்போது இது செய்ய வேண்டிய காரியம். 'கெட் டவுன் அண்ட் சுருதி' என்று ஒன்று உண்டு. பெயரிலேயே நடனக்கூடத்துப் பேச்சையும் நம் சுருதியையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். 'தி டாஃபொடில் அண்ட் தி ஈகிள்', 'ஃபேஸ் டு ஃபேஸ்' இரண்டும் பெரிய உருப்படிகள். கடைசியில் 'பீஸ் ஆஃப் மைண்ட்'. மூன்றேகால் நிமிஷம்தான், மெதுவான நடை. இத்தனை வேகக்காரர்கள் வேகத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒன்று போதும்.

கடத்தைப் பற்றிச் சொல்லும்போது மானாமதுரையைச் சொல்லாமல் விடக்கூடாது. தண்ணீர்ப் பானை வேறு, கடம் வேறு. கண்மாய் மண்ணைச் சலித்து, குழைத்து, உலோகத் துகள் சேர்த்து, சக்கரத்தில் வனைந்து, பிறகு உள்ளே ஒரு கையால் கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். காய வைத்துச் சூளையில் சுடுவார்கள். சென்னைக் கடம் கொஞ்சம் லேசு. மானாமதுரைக் கடம் கனம், தட்டினால் வெண்கலம் மாதிரி கணீரென்று பேசும். மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கலாம், வாரை இழுக்கலாம், தட்டலாம். கடத்துக்கு அந்த வசதி கிடையாது. சூளையிலிருந்து வரும்போது என்ன சுருதியோ ஏறக்குறைய அதுதான் ஆயுசுக்கும். அதனால்தான் கடக்காரர்கள் வீட்டில் ஐந்தாறு கடங்கள் வைத்திருப்பார்கள். வாயை வயிற்றோடு அமுக்கியும் விலக்கியும் 'கும்' என்ற அடிநாதத்தை வரவழைக்க வேண்டும். மானாமதுரையில் தலைமுறை தலைமுறையாகக் கடம் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி அம்மாளுக்கு மத்திய சங்கீத நாடக அகாதெமி விருது கொடுத்தார்கள். வாசிக்கிறவருக்கு அல்ல, வனைகிறவருக்கு. நல்ல காரியம். 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

'சக்தி' கலைந்த பிறகு நால்வரும் நாலு திசையில் போனார்கள். சங்கர் இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள வயலின் ஒன்றை உருவாக்கி வாசித்தார். விக்குவும் ஜாகிரும் அமெரிக்காவில் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்தார்கள். அவர் 'கிரேட்ஃபுல் டெட்' என்ற பெயர்போன சைக்கடெலிக் ராக் குழுவின் டிரம் வாசிப்பவர். அவர்கள் சேர்ந்து போட்ட 'பிளானட் டிரம்' தட்டு 1991-ல் வந்தது. உலக இசைக்கென்று கிராமியில் தனி விருது ஏற்படுத்தியபோது முதல் விருது அதற்குத்தான். பாட்டில்லை, பல தேசத்துத் தாளவாத்தியங்கள்தான். அந்த வரிசையில் நம் மண்பானையும் உட்கார்ந்திருந்தது. 2014-ல் விக்குவுக்குப் பத்மஸ்ரீ.

1997-ல் மெக்லாஃப்லின் 'ரிமெம்பர் சக்தி' என்று குழுவை மறுபடி கூட்டினார். முதலில் விக்கு வந்தார். பின்னால் அவருடைய மகன் செல்வகணேஷ், கஞ்சிராவோடு. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் அதில் வாசித்தார். மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்த அந்தப் பிள்ளை 2014-ல் நாற்பத்தைந்து வயதிலேயே போனது பெரிய நஷ்டம். 'திஸ் மொமெண்ட்' என்ற புதுத் தட்டு 2023-ல் வந்து, 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. அதே வருஷம் டிசம்பர் 15-ல் ஜாகிர் உசேன் மறைந்தார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எல்லாவற்றிலும் 'சக்தி' பெயர் வந்தது. 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' பெயரை நான் படித்தவற்றில் ஒன்றில்கூடப் பார்க்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் உடனடிக் காரணம்.

இன்னொன்று. மெக்லாஃப்லின் 2007-ல் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் சொல்லிக்கொடுக்கும் ஒளித்தகடு ஒன்று வெளியிட்டார். தகதிமி, தகஜொணு என்று யார்க்‌ஷயர்க்காரர் வாயால் சொல்லித் தாளம் போடுகிறார், தப்பில்லாமல். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சொல்ல வரும் என்று யோசித்தேன். சரி, அது வேறு சண்டை.

இப்போது தட்டும் வேண்டாம், கிராமபோனும் வேண்டாம். பேரப்பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னால் யூட்யூபில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். போனிலுள்ள ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள், கடத்தின் 'கும்' காணாமல் போய்விடும். காதில் மாட்டுகிற ஹெட்போன் நல்லது. பழக்கமில்லாதவர்கள் முதல் உருப்படியில் தொடங்க வேண்டாம், படபடப்பாக இருக்கும். கடைசி உருப்படியான 'பீஸ் ஆஃப் மைண்ட்' கேட்டுவிட்டு 'ஃபேஸ் டு ஃபேஸ்' போங்கள். அதற்குப் பிறகு 'மைண்ட் எக்காலஜி'. சாரல் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டால், மூன்றையும் சேர்த்து ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான்.